முன்பக்கம் அடிபட்ட லாரியில் ஏசி வேலை: கேஸ் போடுவது கடைசியில்தான்

2025 முதல் புதிதாக வரும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். இதுவரை ஏசி பக்கமே போகாத ஓனர்களும் ஓனர்-டிரைவர்களும் இனி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓடும்வரை ஒரு தொல்லையும் இல்லை. முன்பக்கம் எங்காவது முட்டினால்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

எங்கள் லாரி தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன டிரெய்லரின் பின்பக்கத்தில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பம்பர், கிரில், ரேடியேட்டர் எல்லாம் ஒழுங்காகச் சரியாகி வந்தன. ஏசி மட்டும் வழிக்கு வரவில்லை. பட்டறையில் கேஸ் போடுவார்கள், கொஞ்ச நாள் குளிரும், அப்புறம் வெறும் காற்றுதான் வரும். கடைசியில் பம்பரை மறுபடி கழற்றி, ஏசி வேலையை முதலிலிருந்து செய்தோம். அந்த இரண்டாவது செலவுக்கு இன்சூரன்ஸிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. வேலையின் வரிசை தப்பியதால்தான் இவ்வளவும். உங்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்பதற்காக, எதற்குப் பிறகு எது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான லாரிகளில் ஏசியின் கண்டன்ஸர், அதாவது கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம், கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் முன்னால் நிற்கிறது. முட்டினால் முதல் அடி அதற்குத்தான். அதை ஒட்டியே கண்டன்ஸர் ஃபேன், ஈரத்தைப் பிடிக்கும் ரிசீவர் டிரையர், பிரஷர் சுவிட்ச், இரண்டு அலுமினியக் குழாய்கள் இருக்கும். கம்ப்ரஸர் இன்ஜினில் பெல்ட்டோடு ஓடுகிறது. கூலிங் காயிலும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கேபினுக்குள் டேஷ்போர்டு பக்கம் இருக்கின்றன. சில மாடல்களிலும், வெளியில் பொருத்திய ஏசிகளிலும் கண்டன்ஸர் கூரையிலோ பக்கவாட்டிலோ இருக்கும். அப்படியானால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

1. இடித்ததும் ஏசி சுவிட்சை அணைத்துவிடுங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருந்தாலும் ஏசியைப் போட்டுப் பார்க்காதீர்கள். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் வெளியேறிவிட்டால் ஆயிலும் திரும்பி வராது. அந்த நிலையில் ஓடும் கம்ப்ரஸர் சீக்கிரமே சுற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்றே பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் அந்தச் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து, டைரக்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. யாராவது அப்படிச் செய்யப் போனால் தடுத்துவிடுங்கள்.

இதில் இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. விபத்தில் உடைந்த கண்டன்ஸருக்குப் பணம் வரும். விபத்துக்குப் பிறகு ஓட்டியதால் கம்ப்ரஸர் பிடித்துக்கொண்டால், அது விபத்துச் சேதம் அல்ல, பின்னால் வந்த சேதம் என்று, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் தள்ளிவிடலாம். ஏசி பாகங்களிலேயே விலை அதிகம் கம்ப்ரஸர்தான்.

குழாய் உடைந்து கேஸ் சீறிக்கொண்டிருந்தால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். லாரி ஏசிகளில் பெரும்பாலும் போடும் ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. திரவமாகப் பட்டால் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். பக்கத்தில் பீடி, சிகரெட், கேஸ் வெல்டிங் எதுவும் வேண்டாம். இந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் நச்சு வாயுக்கள் உண்டாகும்.

2. போட்டோ, கிளைம் எண், தேவைப்பட்டால் போலீஸ்

வண்டியை நகர்த்தும் முன் முன்பக்கத்தை நான்கு கோணத்தில் எடுங்கள். எல்லோரும் பம்பரையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கிரில் இடுக்கு வழியாக டார்ச் அடித்து கண்டன்ஸரையும் எடுத்து வையுங்கள். மடங்கிய ஃபின், வளைந்த குழாய், ஆயில் கசிந்த ஈரம், எது தெரிந்தாலும் கிட்டத்தில் ஒரு போட்டோ வேண்டும். “இது பழைய ஓட்டை” என்று பிறகு யாராவது சொன்னால் அந்தப் போட்டோதான் பதில் பேசும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அங்கிருந்தே தகவல் சொல்லி, கிளைம் எண்ணை எழுதி வாங்குங்கள். சேதம் பெரிது என்றால் ஸ்பாட் சர்வே, அதாவது விபத்து நடந்த இடத்திலேயே சர்வேயர் வந்து பார்ப்பது, வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருந்தால் வண்டி பட்டறைக்குப் போன பிறகு, ஸ்பாட் சர்வே ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும்.

யாருக்காவது அடிபட்டிருந்தாலோ அடுத்தவர் சொத்து சேதமாகியிருந்தாலோ போலீஸ் ஸ்டேஷனில் பதிவு அவசியம். வழக்கு பதிவாகிவிட்டால் மோட்டார் வாகன ஆய்வாளர், நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவர், வண்டியைப் பார்த்து முடிக்கும்வரை எதையும் கழற்றக்கூடாது.

3. திறந்து கிடக்கும் குழாய் வாயை அன்றே மூடுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. செலவு ஒன்றுமில்லாத வேலை, ஆனால் பலன் பெரிது. ஏசி கம்ப்ரஸரில் இருக்கும் பேக் (PAG) ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டிரையருக்குள் இருக்கும் மணிகளும் ஈரத்தைப் பிடிப்பதற்கென்றே வைத்தவை. உடைந்த குழாயைத் திறந்தபடி ஸ்டேஷன் வாசலில் மழையில் விட்டால், உள்ளே போகும் ஈரம் கம்ப்ரஸர் வரைக்கும் போய்ச் சேரும்.

உடைந்த வாயைத் துடைத்து, கனமான பாலித்தீனை இரண்டு மடிப்பாகச் சுற்றி, டேப்பும் ஒயர் டையும் போட்டு இறுக்கிவிடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். வண்டி பட்டறைக்குப் போன பிறகும் இதே விதிதான். டிங்கர் வேலைக்காகக் கண்டன்ஸரைக் கழற்றினால், கழற்றிய ஒவ்வொரு வாயும் அந்த நிமிடமே மூடப்பட வேண்டும். டிங்கரிங்கில் பறக்கும் இரும்புத் தூளும் பட்டித் தூளும் உள்ளே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொள்ளும்.

4. எஸ்டிமேட்டுக்கு முன் பாலிசியை ஒருமுறை படியுங்கள்

சரக்கு வாகன பாலிசியும் கார் பாலிசியும் ஒன்றல்ல. ஏசி வேலைக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஐஎம்டி 23 என்ற சேர்க்கை, அதாவது கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் கவர், இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் லாரியின் பம்பர், பானெட், மட்கார்டு, விளக்குகள், டயர், அடிபட்ட இடத்தின் பெயின்ட் இவற்றுக்குப் பகுதிச் சேதத்தில் பணம் வராது. கண்டன்ஸர், ரேடியேட்டர், இன்டர்கூலர் அந்தப் பட்டியலில் இல்லை. “முன்பக்கம் எதுவுமே கவர் ஆகாது” என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தேய்மானக் கழிவு அடுத்தது. உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள்: முதல் 6 மாதம் கழிவில்லை, 1 வருடம் வரை 5 சதவீதம், 2 வருடம் வரை 10, 3 வரை 15, 4 வரை 25, 5 வரை 35, 10 வரை 40, அதற்கு மேல் 50. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வயது பார்க்காமல் 50 சதவீதம். கண்டன்ஸர் உலோகக் கணக்கில் வரும். ஹோஸ், ஃபேன் கூடு, ஃபேன் இறக்கை எல்லாம் பாதிக் கணக்கு.

கேஸ், ஆயில், ஓ-ரிங் போன்றவற்றை நுகர்பொருள் என்று ஒதுக்குவது வழக்கம். அதற்கான தனிச் சேர்க்கை பாலிசியில் இல்லையென்றால் அவை உங்கள் கைக்காசுதான்.

பழைய வண்டியில் நீங்களாக வெளியில் ஏசி பொருத்தியிருந்தால், அது பாலிசியில் தனியாக மதிப்புப் போட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அதற்கு கிளைம் கேட்க முடியாது. இதைப் படிக்கும்போது வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ரினியூவலில் எழுதிவிடுங்கள்.

சேதம் சின்னது என்றால், கிளைம் போடுவதற்கு முன், கிளைம் இல்லாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸையும் கணக்கில் எடுங்கள். கண்டன்ஸரும் கேஸும் மட்டும்தான் செலவு என்றால், கழிவு போக வரும் தொகையைவிட அடுத்த வருடம் போனஸில் இழப்பது அதிகமாக இருக்கலாம்.

5. முதல் எஸ்டிமேட்டிலேயே ஏசி வர வேண்டும்

பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்டறையில் எஸ்டிமேட் எழுதுபவர் கண்ணுக்குத் தெரிவதை எழுதுவார். கண்டன்ஸர் நசுங்கியிருந்தால் எழுதுவார். நசுங்காமல், தாங்கிப் பிடிக்கும் கொக்கி மட்டும் உடைந்திருந்தால், “அது நல்லாத்தான் இருக்குண்ணே” என்று விட்டுவிடுவார். பம்பர் எல்லாம் மாட்டி, பெயின்ட் அடித்து, டெலிவரி எடுக்கும் அன்று ஏசி போட்டால்தான் குளிரவில்லை என்பது தெரியவரும். அதற்குள் சர்வேயர் ரிப்போர்ட் கொடுத்திருப்பார்.

எஸ்டிமேட்டில் ஏசிக்கு என்று தனிப்பகுதி போடச் சொல்லுங்கள். அதில் கண்டன்ஸர், ரிசீவர் டிரையர், ஹை பிரஷர் குழாய், லோ பிரஷர் ஹோஸ், கண்டன்ஸர் ஃபேன், பிரஷர் சுவிட்ச், முன்பக்க ஒயரிங், கம்ப்ரஸர் பிராக்கெட், இத்தனையும் ஒவ்வொரு வரியாக வர வேண்டும். கண்ணால் முடிவு செய்ய முடியாதவற்றுக்கு எதிரே “கழற்றிப் பார்த்து, பிரஷர் சோதனைக்குப் பிறகு முடிவு” என்று எழுதச் சொல்லுங்கள்.

சர்வேயர் வரும் நாளில் நீங்களோ உங்கள் நம்பிக்கையான ஆளோ பட்டறையில் இருங்கள். கழற்றிய பிறகு புதிதாகச் சேதம் தெரிந்தால், வேலையை அங்கேயே நிறுத்தி, போட்டோ அனுப்பி, துணை எஸ்டிமேட் கொடுத்து, சர்வேயர் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகு மேலே போங்கள். வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் சரி, இமெயிலாக இருந்தாலும் சரி. போனில் “பார்த்துக்கலாம்” என்று சொன்னதற்குப் பின்னால் மதிப்பு இருக்காது.

காலக்கெடுவும் தெரிந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், சர்வேயர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும், ரிப்போர்ட் வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சண்டை போடத் தேவையில்லை. இழுத்தடித்தால் இந்த நாள் கணக்கைக் குறிப்பிட்டு ஒரு இமெயில் போடுங்கள், பெரும்பாலும் அதற்குப் பிறகு வேலை நகரும்.

6. எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது

கண்டன்ஸர்: வளைந்திருந்தாலும் கசிந்தாலும் மாற்றிவிடுங்கள். இப்போது வருவதெல்லாம் மெல்லிய தட்டைக் குழாய்கள் கொண்ட அலுமினியக் கண்டன்ஸர். பற்ற வைத்து ஒட்டும் ஆள் கிடைப்பார்தான், ஆனால் லாரியின் அதிர்வில் ஒட்டு நிற்பது கஷ்டம். அதன் நுண்ணிய துளைகளில் தூள் புகுந்தால் கழுவி எடுக்கவும் முடியாது. வெறும் ஃபின் மட்டும் மடங்கியிருந்தால் ஃபின் சீப்பால் நீவிவிட்டால் போதும்.

சந்தேகமாக இருந்தால் ஓரங்களைப் பாருங்கள். கசியும் இடத்தில் கேஸோடு ஆயிலும் வெளியே வரும், அதில் ரோட்டுப் புழுதி ஒட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்க, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக, விரல் வைத்தால் பிசுபிசு என்று இருக்கும். எங்கள் வண்டியில் கீழ் இடது மூலையில், பம்பர் பிராக்கெட் மறைத்த இடத்தில் இப்படி ஒரு கறை இருந்தது. பம்பரைக் கழற்றாமல் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ரிசீவர் டிரையர்: கண்டன்ஸர் மாற்றினாலோ, குழாய் திறந்து கிடந்தாலோ இதையும் கட்டாயம் மாற்றுங்கள். விலை குறைவு. பழைய டிரையரையே வைத்துக்கொண்டு புதுக் கண்டன்ஸர் மட்டும் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் அந்த ஈரம் ஐஸாக உறைந்து, விட்டு விட்டுக் குளிரும். புது டிரையரின் மூடியைக் கடைசி நேரத்தில்தான் கழற்ற வேண்டும். சில கண்டன்ஸர்களில் டிரையர் உள்ளேயே சேர்ந்து வருகிறது. அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓ-ரிங்: கழற்றிய ஒவ்வொரு ஜாயின்டிலும் புதுசு. ஆர்134ஏ கேஸுக்கு ஏற்ற ரப்பர்தான் வேண்டும், பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கருப்பு ஓ-ரிங் வேண்டாம்.

கம்ப்ரஸர்: மேக்னட் கிளட்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் நல்லது. கரகரவென்றாலோ சுற்றவே மறுத்தாலோ சர்வேயரிடம் அப்போதே காட்டுங்கள். வடிந்த ஆயிலையும் வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கம்ப்ரஸர் பிழைத்தது. கருப்பாகவோ வெள்ளித்தூள் மின்னியபடியோ இருந்தால் கம்ப்ரஸரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்றி, குழாய்களை ஃபிளஷ் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் போட்ட புதுக் கம்ப்ரஸர் பழைய தூளை விழுங்கிக் கெட்டுப்போகும். பெல்ட் ஓடும் வரிசையையும் பாருங்கள். பிராக்கெட் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பெல்ட் ஓரத்தில் தேய ஆரம்பிக்கும்.

7. மாட்டும்போது கூட நில்லுங்கள்

கண்டன்ஸரைச் சுற்றி நுரை ரப்பரோ பிளாஸ்டிக் தடுப்போ இருக்கும். விபத்தில் கிழிந்துபோன இந்தச் சாமானை யாரும் திரும்ப வாங்கிப் போடுவதில்லை. அது இல்லையென்றால் ரேடியேட்டரின் சூடான காற்று சுற்றிக்கொண்டு மறுபடி கண்டன்ஸருக்கே வரும். ஹைவேயில் நன்றாகக் குளிரும், டோல்கேட்டில் நின்றால் குளிர் போய்விடும். கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் கேஸ் ஏற்றுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். விலை குறைந்த சாமான்தான், எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிப் போடுங்கள்.

ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று ஒரு காகிதத்தைக் கிரில் முன் பிடித்துப் பாருங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். காகிதம் கண்டன்ஸரை நோக்கி ஒட்ட வேண்டும்.

அடுத்தது நம் ஊர் லாரிகளுக்கே உரிய விஷயம். கேபின் முன்னால் கவிழும் வண்டிகளில், சேஸிஸிலிருந்து கேபினுக்குப் போகும் ஏசி ஹோஸ் கேபினோடு சேர்ந்து வளைய வேண்டும். புது ஹோஸை அளவு குறைத்துப் போட்டாலோ கிளாம்ப் இடம் மாறினாலோ, அடுத்த முறை கேபின் தூக்கும்போது இழுபட்டு ஜாயின்ட் விட்டுவிடும். ஹோஸ் மாட்டியதும் கேபினை முழுசாகக் கவிழ்த்து, திரும்ப இறக்கி, எங்கே இழுக்கிறது, எங்கே நசுங்குகிறது என்று பாருங்கள்.

8. நைட்ரஜன் சோதனை: இதைச் செய்யாமல் பம்பர் மாட்ட விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். முன்பக்கம் திறந்திருக்கும்போதே உலர் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, வால்வை மூடி, மீட்டரில் முள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றியதும் ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரை தடவுங்கள். பெரிய கசிவு உடனே காட்டிக்கொடுக்கும். சின்னக் கசிவில் கடுகளவு குமிழ் ஒன்று மெதுவாக வளர்ந்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி வளரும். அதற்காக ஒவ்வொரு ஜாயின்டிலும் பொறுமையாகக் கண் வைத்து நிற்க வேண்டும். நைட்ரஜன் உள்ளே இருக்கும்போதே கேபினை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், இரவுக் குளிரில் அவ்வளவு இறங்குவது இயல்பு. பத்து, பதினைந்து இறங்கினால் கசிவு இருக்கிறது. மீட்டரை மாலையிலும் காலையிலும் போட்டோ எடுத்து சர்வேயருக்கு அனுப்புங்கள்.

நைட்ரஜன் இல்லை என்று டயர் காற்றையோ வெல்டிங் ஆக்ஸிஜனையோ ஏற்ற யாரையும் விடாதீர்கள். டயர் காற்றில் ஈரம் இருக்கிறது. தவிர, மிச்சமிருக்கும் ஆர்134ஏவோடு அழுத்தக் காற்று கலந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

9. வேக்யூம்

நைட்ரஜனை விட்டதும் வேக்யூம் பம்ப் போட வேண்டும். குறைந்தது அரை மணி நேரம். குழாய் நிறைய நாள் திறந்து கிடந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மீட்டர் முள் மைனஸ் 29 இன்ச் பக்கம் நிற்க வேண்டும். பம்ப்பை நிறுத்திப் பதினைந்து இருபது நிமிடம் முள் அசையாமல் இருக்கிறதா பாருங்கள். காற்றோடு ஈரத்தையும் ஆவியாக்கி வெளியேற்றுவதுதான் இதன் வேலை. “வேக்யூம் நின்னுச்சு, அதனால லீக் இல்ல” என்று சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள். வெளியே தள்ளும் அழுத்தத்தில் கசியும் ஜாயின்ட், உள்ளே இழுக்கும்போது இறுகிக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைப் பம்ப்பாகப் பயன்படுத்தும் கடைகள் இன்னமும் இருக்கின்றன. அந்த இழுவை ஈரத்தை எடுக்கப் போதாது.

10. இப்போதுதான் கேஸ்

பானெட் உள்பக்கத்திலோ கேபின் முன்தகட்டிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸ் வகையும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். அடிபட்ட பேனலோடு அந்த லேபிளும் குப்பைக்குப் போய்விடும். கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். போய்விட்டது என்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள்.

கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். பாட்டிலைத் தராசில் வைத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதுதான் சரி. வண்டி நிற்கும்போது மீட்டரில் வரும் அழுத்தத்தை வைத்து அளவு சொல்ல முடியாது. 30 டிகிரி வெயிலில், உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே மீட்டர் சுமார் 100 பிஎஸ்ஐ காட்டும், அரை அளவுக்கும் அதே, முழு அளவுக்கும் அதே. கை வைத்துப் பார்த்து, குழாய் வியர்ப்பதைப் பார்த்துக் கேஸ் ஏற்றும் பழக்கத்தில்தான் அதிகக் கேஸ் போய்விடுகிறது. அதிகமானாலும் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை.

ஆயிலும் இதோடு சேர்ந்தது. புதுக் கண்டன்ஸருக்கும் டிரையருக்கும் எத்தனை மில்லி சேர்க்க வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எந்த எண் பேக் ஆயில் என்பது கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் இருக்கும். வேறு ஆயிலைக் கலக்காதீர்கள்.

சீல் உடைந்த பாட்டில், பெயர் தெரியாத மலிவுக் கேஸ், பழைய வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்22, கசிவை அடைக்கும் திரவம், நான்கும் வேண்டாம். கசிவு அடைக்கும் திரவம் வால்வையும் சேர்த்து அடைத்துவிடும். பழைய கேஸ் உள்ளே மிச்சமிருந்தால் மெஷினில் உறிஞ்சி எடுக்கும் கடையாகப் பாருங்கள். ஒரு கிலோ ஆர்134ஏ வெளியே போனால், பூமியைச் சூடாக்குவதில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

11. வண்டியை எடுக்கும் முன்

மதிய வெயிலில் போங்கள், மாலையில் எந்த ஏசியும் குளிரும். இன்ஜினை 1,500 ஆர்பிஎம் பக்கம் வைத்து, ப்ளோயரை முழுசாகப் போட்டு, கதவு மூடிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நடு வென்டில் ஒரு சின்னத் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால் வென்டில் 12-க்குக் கீழே வர வேண்டும். மீட்டரில் லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 275 பிஎஸ்ஐ வரை இருந்தால் திருப்தி. அப்புறம் ஐடிலில் கால் மணி நேரம் நிறுத்தி, குளிர் குறைகிறதா, ரேடியேட்டர் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஏசி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டும் பாருங்கள். முன்பக்க ஒயரிங்கை ஒட்டுப் போட்டிருந்தால் அப்போதுதான் ஃபியூஸ் போகும்.

12. செலவு, நாள்

சேலம், நாமக்கல் பக்கம் நான் விசாரித்ததில் கிடைத்த தோராயமான கணக்கு இது. மாடலுக்கு மாடல் நிறைய மாறும், பேரம் பேசுவதற்கு ஒரு பிடியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்டன்ஸர் வெளிச் சரக்கு 5,000 முதல் 9,000 ரூபாய், கம்பெனி சரக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை. டிரையர் 700 முதல் 1,500. ஹோஸ் ஒன்றுக்கு 1,000 முதல் 2,500. நைட்ரஜன், வேக்யூம், கேஸ், ஆயில் சேர்த்து 2,500 முதல் 4,500. கம்ப்ரஸர் போட வேண்டிவந்தால் 15,000-க்கு மேல், 30,000 வரையும் போகும். உதிரிப் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய 28 சதவீதத்தில் எஸ்டிமேட் வந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

ஏசி வேலை மட்டும் என்றால் பாகம் கையில் இருக்கும்போது இரண்டு நாள், அதில் ஒரு இரவு நைட்ரஜனுக்கு. நாள் இழுப்பதெல்லாம் சர்வேயரின் அனுமதிக்கும், பாகம் வந்து சேர்வதற்கும்தான். அதனால் கண்டன்ஸர் ஆர்டரை முதல் அனுமதி வந்த அன்றே கொடுத்துவிடச் சொல்லுங்கள். டிங்கர் வேலை முடிவதற்குள் அது வந்து சேர்ந்துவிடும்.

13. பில்லும் கிளைம் காகிதமும்

இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி இல்லாத பட்டறை என்றால் ஜிஎஸ்டி எண்ணோடு பில், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி, கூலி தனியாக, பணம் வங்கி வழியாகக் கட்டிய ஆதாரம் வேண்டும். “ஏசி வேலை மொத்தம்” என்று ஒரே வரியில் வரும் பில்லில் சர்வேயர் தாராளமாகக் கை வைப்பார்.

கூடவே கொடுக்க வேண்டியவை: நிரப்பிய கிளைம் படிவம், ஆர்சி, பாலிசி, டிரைவரின் லைசென்ஸ், எஃப்சி, பெர்மிட், வரி ரசீது, விபத்தன்று ஏற்றியிருந்த லோடின் பில் அல்லது இ-வே பில், போலீஸ் பதிவு இருந்தால் அதன் நகல், பான், ஆதார், ரத்து செய்த காசோலை. விபத்து நடந்த தேதியில் எஃப்சியும் பெர்மிட்டும் லைசென்ஸும் உயிரோடு இருந்தனவா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். லோடு எடை அனுமதித்த அளவுக்குள் இருந்ததா என்பது அடுத்தது.

கழற்றிய பழைய கண்டன்ஸரையும் ஹோஸையும் சர்வேயர் மறுபார்வை முடிக்கும்வரை பட்டறையை விட்டு வெளியே போக விடாதீர்கள். காயலான்கடைக்குப் போய்விட்டால் மாற்றியதற்குச் சாட்சி இல்லை. மறுபார்வை முடிந்ததும், அந்தப் பழைய பாகங்களின் காயலான்கடை மதிப்பை யார் பெயரில் எவ்வளவு கழித்தார்கள் என்று செட்டில்மென்ட் தாளில் சரிபாருங்கள்.

பட்டறையிடம் கேஸ் கசிவுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை, போட்ட கிராமோடு சேர்த்துப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வண்டி இரண்டு நடை லோடு போய்வந்த பிறகு அதே தெர்மாமீட்டரை அதே வென்டில் வையுங்கள். நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால், கேஸ் முழுசாகப் போகும்வரை காத்திருக்காமல் பில்லோடு அதே பட்டறைக்குப் போய், சோப்பு நுரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.